எலி மருந்தும் கீரைக் கூட்டும்

கே: அம்மாவை இங்கே நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறோம். தினமும் 14 மாத்திரை. ஆனால் கேர் பிளானில் நாலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். மீதி பத்தை மறந்துவிட்டார்களா?
(வாசகி, நியூஜெர்சி)

மறக்கவில்லை. (உள்ளூர் வாசகர்களுக்கு: நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்குப் போகிற இடம். அமெரிக்காவில் முதியவர்கள் வருடக்கணக்கில் தங்குகிற இடம்.) எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதற்கெல்லாம் தனி சார்ட் உண்டு. கேர் பிளான் சொல்ல வேண்டியது, அந்த மாத்திரையால் உங்கள் அம்மாவுக்கு என்ன ஆகலாம், அதை யார் கவனிப்பது என்பதை. டோஸையும் அதில் எழுதினால், டாக்டர் செவ்வாய்க்கிழமை 5 மில்லிகிராமை 4 ஆக்குவார். கேர் பிளான் தீபாவளி வரைக்கும் 5 என்றே சாதிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இன்சுலின், நீர் பிரியும் மாத்திரை, ஓபியாய்டு வலி மருந்து, மனநல மருந்து: அம்மா இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் அது அந்த நாலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சண்டை போடுங்கள்.

கே: அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். 'ரத்தக்கசிவு அபாயம், கண்காணிக்கவும்' என்று ஒரு வரி. போதாதா?
(வாசகர், டல்லாஸ்)

வாசலில் நின்று 'பார்த்துப் போய்ட்டு வாப்பா' என்கிறோமே, அந்த ஜாதி வரி இது. பிரியம் இருக்கிறது, விவரம் இல்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், இடிபடாமலே நீலம் பூத்த தோல், தார் மாதிரி கறுத்த மலம்: இதில் எதைப் பார்த்தாலும் குளிப்பாட்டுகிற உதவியாளர் யாரிடம் சொல்ல வேண்டும்? ரத்தம் உறைகிற வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை எப்போது? சவரத்துக்கு பிளேடா, எலெக்ட்ரிக் ஷேவரா? விழுந்து தலையில் அடிபட்டால், 'நல்லாத்தான் பேசறார்' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் இருந்தால்தான் அது பிளான்.

இன்னொன்று, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் எடுத்துப்போகும் கீரைக் கூட்டு. கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கூட்டை நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும், அங்கே சொல்லியும் வையுங்கள். இந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு மருந்தானது. கொஞ்சம் மரியாதையோடுதான் நடத்த வேண்டும்.

கே: நான் நர்ஸ். எங்கள் வார்டில் ஒரு பாட்டி ராத்திரியானால் விழுகிறார். வழுக்காத செருப்பு, இரவு விளக்கு, தாழ்வான கட்டில், எல்லாம் கேர் பிளானில் எழுதியாயிற்று. இன்னும் என்ன?
(வாசகி, ஹூஸ்டன்)

செருப்பை விட்டுவிட்டு சார்ட்டைப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். பிரஷருக்கு அம்லோடிபின். அதனால் கால் வீக்கம்; சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் எலாஸ்டிக் அச்சு வளையல் மாதிரி பதிந்திருக்கும். வீக்கத்துக்கு ஃபியூரோசமைடு என்ற நீர் பிரியும் மாத்திரை, இரண்டாவது வேளை மாலை 6 மணிக்கு. ராத்திரி பாத்ரூம், விழுந்தார். இடுப்பு வலிக்கு ஓபியாய்டு, அது தந்த மலச்சிக்கலுக்கு இன்னொரு மாத்திரை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு ஒரு மருந்து; நல்லதங்காள் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஏழு வரும். விழுவதெல்லாம் பத்து மணிக்குள்தான் என்று சொன்னவர் நைட் டியூட்டி உதவியாளர். மாலை வேளை மதியம் 2 மணிக்கு மாறியது. பிறகு டாக்டர் பிரஷர் மாத்திரையையே மாற்றினார். கேர் பிளான் குழுவில் உதவியாளரும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்வது சும்மா இல்லை.

கே: மாமியார் ராத்திரி சத்தம் போடுகிறார் என்று மனநோய் மருந்து ஒன்றை 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்குத் தேவைப்பட்டால்?
(வாசகி, சிகாகோ)

கேர் பிளான் மீட்டிங்கில் உட்கார உங்கள் மாமியாருக்கும், அவர் விருப்பப்படி உங்களுக்கும் உரிமை உண்டு. அங்கே இதை அப்படியே கேளுங்கள். ஊழியர் வசதிக்காக ஒருவரை மருந்தால் கட்டிப்போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1987-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்தத் 'தேவைப்பட்டால்' 14 நாளில் காலாவதி. நீட்டிக்க வேண்டுமானால் டாக்டர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. முதலில் வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா என்று பார்க்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு 'தண்ணி, தண்ணி' என்றால் அங்கே யாருக்குப் புரியும்? அந்தச் சொல்லையும் கேர் பிளானில் எழுதச் சொல்லுங்கள்.

கே: முழு கேர் பிளான் எப்போது வரும்?

சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு சுருக்கமான பிளான். 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, அது முடிந்து 7 நாளுக்குள் முழுப் பிளான். மருந்தாளுநர் மாதம் ஒருமுறை எல்லா மருந்தையும் அலசியாக வேண்டும்.

கே: பாட்டி மாத்திரையைத் துப்பிவிடுகிறார். பொடித்துப் பாயசத்தில் கலந்துவிடலாமா?

மருந்தாளுநரைக் கேட்காமல் வேண்டாம். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். தவிர, கசப்பை எந்தப் பாட்டியும் முதல் ஸ்பூனிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் மாத்திரையும் போகாது, பாயசமும் போகாது.