கறுப்பு மறைக்குமா, வெள்ளை மறைக்குமா: லேயர் மாஸ்க் குறித்த சிற்றாராய்ச்சி

ஃபோட்டோஷாப்பின் லேயர் மாஸ்க்கில் கறுப்பு பூசினால் படம் மறையும். வெள்ளை பூசினால் தெரியும். விதி இவ்வளவுதான். ஆனாலும் கல்யாண ஆல்பம் வடிவமைத்தே தலை நரைத்தவர்கள்கூட முதல் கோட்டைத் தப்பான நிறத்தில் இழுத்துவிட்டு, "ச்சே" என்று முணுமுணுப்பதை எந்த ஸ்டூடியோவிலும் காணலாம். இத்தனை சின்ன விதி ஏன் மனத்தில் தங்க மறுக்கிறது? அறிஞர் உலகம் இதுவரை சீண்டாத இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கணம், வரலாறு, தடை, விடை, புறனடை என்று முறைப்படி செல்வதாகத்தான் திட்டம். முறை எங்கே குலைகிறது என்பதை வாசகரே கண்டுகொள்வார்.

முதலில் இலக்கணம். லேயர் என்பது படத்தின்மேல் அடுக்கிய இன்னொரு படம். ஒவ்வொரு லேயருக்கும் துணையாக, அதே அளவில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே கொண்ட வேறொரு படத்தை ஒட்டிவைக்கலாம். அந்தத் துணைப்படமே மாஸ்க். வழக்கமான 8 பிட் படத்தில் அதற்கு 0 முதல் 255 வரை 256 படிகள். 0 இருக்கும் இடத்தில் மேல் லேயர் அடியோடு ஒதுங்கிக்கொண்டு கீழே இருப்பதைக் காட்டும். 255 இருக்கும் இடத்தில் அசையாமல் நிற்கும். நடுவில் உள்ளதெல்லாம் பேரம். மேல் புள்ளியின் மதிப்பு 200, கீழ்ப் புள்ளியின் மதிப்பு 100, மாஸ்க் 128 என்றால் திரையில் தெரிவது 150. பாதிக்குப் பாதி, யாருக்கும் நட்டமில்லை.

பள்ளிக்கூடக் கணக்குப்போல் தோன்றும் இந்தப் பெருக்கல் கூட்டலுக்குப் பின்னால் பெரிய தலைகள் இருக்கின்றன. 1970-களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தெரியலாம் என்ற அளவைப் படத்தோடு சேர்த்தே சுமக்க வைத்து, அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். 1984-இல் லூக்காஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படத்தின்மேல் படத்தை வைப்பதற்கான கணக்கை முழுதாக எழுதி வெளியிட்டார்கள். நால்வருக்கும் 1996-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. மணப்பெண்ணைச் சுவிட்சர்லாந்துப் பனிமலைக்குமுன் நிறுத்தும்போது கொண்டையிலிருந்து பறக்கும் நாலு முடி மலையோடு கலந்து நிற்கிறதே, அது அந்த நால்வர் போட்ட கணக்கு.

முடி என்றதும் புறனடை வந்துவிடுகிறது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களின் கைவண்ணத்தைத் தெருமுனை ஃபிளக்ஸ் பேனர்களில் பார்க்கலாம். தலைவர் நடந்து வருவார். அவரைச் சுற்றிக் கத்தரிக்கோல் ஓடிய தடமும் கூடவே வரும். தலைமுடி, மல்லிகைச் சரம், முகத்திரை வலை, பட்டுப்புடவையின் குஞ்சம் ஆகியவற்றுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் பூ, கொஞ்சம் பின்னணி. சாம்பல் நிறத்தின் 254 படிகளும் இவற்றுக்காகவே படைக்கப்பட்டன என்று துணியலாம்.

இனி வரலாறு. மாஸ்க் கணினியில் பிறந்ததன்று. 1850-களில் படமெடுக்கப் பயன்பட்ட கொலோடியன் தகடுகளுக்கு நீல ஒளியைக் கண்டால் அடங்காத ஆவல். கடல் சரியாகப் பதிவானால் வானம் வெளுத்துப்போகும். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் ஒட்டினார். 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே படமாக அச்சிட்டு மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். ஒரு நெகட்டிவை அச்சிடும்போது தாளின் மற்ற இடங்களை மூடிவைக்க வேண்டும். அப்புறம் அடுத்தது, மறுபடி அடுத்தது. விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினார் என்றால், ஆல்பம் டிசைனர் தொழிலுக்கு அரச ஆதரவு அன்றே கிடைத்துவிட்டது என்று பொருள்.

நம் ஆராய்ச்சியின் மர்மம் அவிழ்வது இந்த இடத்தில்தான். இருட்டறையில் தாளை மூடினால், மூடிய இடம் வெள்ளையாக நிற்கும். கேமராவில் லென்ஸை மூடினால், மூடிய இடம் திரையில் கறுப்பாக நிற்கும். ஜார்ஜ் மெலியே 1900-இல் ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஏழு மெலியேக்கள் சேர்ந்து கச்சேரி செய்யும் படத்தை எடுத்தது இந்த இரண்டாம் வழியில்தான். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பி. யு. சின்னப்பாவை 'உத்தம புத்திர'னில் இரண்டு வேடங்களில் காட்டிய பிறகு, இரட்டை வேடம் தமிழ் சினிமாவின் தீராத ஆசையாயிற்று. சட்டகத்தின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, மீதியில் அண்ணனை எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றித் தம்பியை எடுக்கும் மாஸ்க் ஷாட், டிஜிட்டல் வரும்வரை கேமராமேன்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆக, மறைத்தால் வெளுப்பு என்றது ஒரு மரபு. மறைத்தால் கறுப்பு என்றது இன்னொன்று. ஃபோட்டோஷாப் இரண்டாவதின் பக்கம் சாய்ந்துவிட்டது. மனித மனம் இன்னும் சாயவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

தடை: கறுப்பு, வெள்ளையைத்தான் மனம் குழப்பிக்கொள்கிறது, சிவப்பிலுமா குழப்பம்?

விடை: அதில்தான் பெரிய குழப்பமே. ஆஃப்செட் அச்சுக்குப் படம் தயாரித்தவர்கள் ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தை வெட்டி ஒட்டி மாஸ்க் செய்தார்கள். அவர்களுடைய ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி கண்ணில் படாது. ஆகவே சிவப்பு இருக்கும் இடம் அதற்கு இருட்டு. மனிதக் கண்ணோ அதை ஊடுருவிப் பார்த்து வெட்டலாம். இந்த மரபை மதித்து, படத்தில் வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபோட்டோஷாப்பின் குவிக் மாஸ்க், மூடப்பட்ட இடத்தைப் பாதி ஒளிபுகும் சிவப்பாகக் காட்டுகிறது. சிவப்பு என்றால் தொடாதே. சரி. அதே அடோபி நிறுவனத்தின் லைட்ரூமில் மாஸ்க் போட்டாலும் சிவப்பு வரும். ஆனால் அங்கே சிவப்பு இருக்கும் இடத்தில்தான் மாற்றம் விழும். ஒரே வீடு, ஒரே சிவப்பு, நேரெதிரான இரண்டு பொருள். காலையில் லைட்ரூமிலும் மாலையில் ஃபோட்டோஷாப்பிலும் உழைக்கும் டிசைனர் பித்துப்பிடிக்காமல் வீடு திரும்புவதைத்தான் தனியாக ஆராய வேண்டும். குவிக் மாஸ்க்கின் அமைப்புப் பெட்டியில், நிறம் மூடிய இடத்தைக் குறிக்கட்டுமா, தேர்ந்த இடத்தைக் குறிக்கட்டுமா என்று கேட்கும் பகுதியே உண்டு. படைத்தவர்களாலேயே தீர்க்க முடியாத வழக்கு, தீர்ப்புக்காகப் பயனாளரிடம் வந்து நிற்கிறது.

மாஸ்க்கின் அருமையை அறிய அதற்கு முந்தைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் செய்ததைத் திரும்பப் பெற ஒரே ஒரு வாய்ப்புத்தான். பல படிகள் பின்னோக்கிப் போகும் வசதி 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. லேயரும் அதன் மாஸ்க்கும் 1994-லேயே, மூன்றாம் பதிப்பில், வந்துவிட்டன. இடைப்பட்ட நாலு ஆண்டுகளில் மனம் மாறும் உரிமையைக் காப்பாற்றியது மாஸ்க்தான். அழிப்பான் அழித்தால் அழித்ததுதான். மாஸ்க் மறைத்தால், வெள்ளை பூசியதும் திரும்பி வரும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கல்யாண மேடையின் குரூப் ஃபோட்டோ. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் பெண் வீட்டாருக்கும் பந்தியில் ஏதோ மனத்தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஆல்பத்தில் அவர் வேண்டாம் என்று உத்தரவு வரும். விவரம் தெரிந்த டிசைனர் அவரை அழிக்கமாட்டார். வெறும் மேடை அலங்காரத்தைக் கீழ் லேயரில் வைத்து, சித்தப்பாமேல் மட்டும் கறுப்பு பூசுவார். ஆடி மாதச் சீரோடு சமாதானம் ஆகி, "அவரில்லாம என்ன ஆல்பம்?" என்று அதே வீட்டார் வந்து நிற்கும்போது, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சிறுபடத்தைத் தட்டினால் போதும். அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். சித்தப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் பழைய இடத்தில் நிற்பார். கோப்பு பி.எஸ்.டி. வடிவில் இருக்கும்வரைதான் இந்த வசதி. லேயர்களை ஒன்றாக்கி ஜேபெக்காக மாற்றி, இடம் போதவில்லை என்று மூலக்கோப்பையும் அழித்துவிட்டால், சமாதானத்தை அடுத்த விசேஷத்தில்தான் படமெடுக்க வேண்டும்.

பிழைகளில் தலையாயது, மாஸ்க் என்று நினைத்துப் படத்திலேயே பூசிவிடுவது. லேயர் பட்டியலில் இரண்டு சிறுபடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் மாஸ்க். எதைச் சுற்றி மெல்லிய சட்டம் இருக்கிறதோ, தூரிகை அதில்தான் வேலை செய்யும். அந்தச் சட்டத்தைப் பார்க்கத் தவறினால் மணப்பெண் கன்னத்தில் கரி அப்பும். ஆல்ட் விசையோடு மாஸ்க்கைத் தட்டினால் மாஸ்க் மட்டும் திரை நிறையத் தெரியும். ஓரங்களில் விட்டுப்போன புள்ளிகளும் அப்போது தம்மைக் காட்டிக்கொடுக்கும். இது தெரியாதவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே தொழில் செய்ய வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பிறகு முதல் கேள்விக்கு விடை? விதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம், அந்த அவசியத்தை எக்ஸ் விசை ஒழித்துவிட்டதுதான். டி அழுத்தினால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பும். எக்ஸ் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது, தப்பென்றால் எக்ஸ் அழுத்துவது, அதே கோட்டின்மேல் மறுபடி இழுப்பது. அரை நொடியில் தீரும் பிழையை மூளை எதற்குச் சேமித்துவைக்க வேண்டும்? படத்தில் இருப்பவரைத் தானே கண்டறிந்து தேர்ந்தெடுத்துத் தரும் வசதி 2018-இல் ஃபோட்டோஷாப்புக்கு வந்த பிறகும், மாலையின் விளிம்பிலும் சடையின் நுனியிலும் டிசைனரின் இடக்கை எக்ஸின்மேல்தான் கிடக்கிறது.

எச்சரிக்கை ஒன்று பாக்கி. எக்ஸ் மாற்றுவது தூரிகையின் நிறத்தை மட்டும். கண்ட்ரோலோடு ஐ சேர்ந்தால் மாஸ்க் முழுவதுமே தலைகீழாகிவிடும். மேலே சொன்ன குரூப் ஃபோட்டோவில் அதைத் தெரியாமல் அழுத்தினால் மாப்பிள்ளை, பெண், இருவீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் மறைந்துபோய், யார் வேண்டாம் என்றார்களோ அந்தச் சித்தப்பா மட்டும் பூ அலங்காரத்துக்கு நடுவே ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.