ஜப்லாவியல்: திருப்பூர்க் குழந்தைகள் சட்டை போட்டுக்கொள்வது குறித்து ஓர் ஆய்வு

திருப்பூரைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. டாலர் கணக்கு, நொய்யலில் ஓடிய சாயம், 1984-ல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தம், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு என்று எல்லாமே அலசியாயிற்று. ஆனால் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கையில், எட்டு மாதக் குழந்தையின் வலது கையை ஜப்லாவின் வலது கைக்குள் நுழைப்பது எப்படி என்ற வினாவை அறிஞர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. தைத்ததைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், போட்டுவிடுவதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய லைன் வீடுகள். ஆய்வு முறை மூன்று: பார்த்தல், கேட்டல், கூப்பிட்டால் போய்க் குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ளல்.

முதலில் வரலாறு. வரலாறு இல்லாத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் தொடாது. ஊரின் முதல் பனியன் கம்பெனியாக வரலாற்றில் குறிக்கப்படுவது குலாம் காதர் சாகிபு தொடங்கியது. அதன் பெயர் பேபி நிட்டிங். அங்கே பின்னியது குழந்தைத் துணியா, பெரியவர்கள் பனியனா என்ற கேள்வியைச் சிலர் கிளப்பக்கூடும். பெயரில் பேபி இருக்கிறது, அது போதும். இதைவிட மெலிந்த ஆதாரத்துக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்தார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்தது. ஐரோப்பியக் குழந்தையின் உடம்பளவும் அவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இந்த உடம்பளவைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய அட்டவணை குழந்தையை வயதால் அளப்பதில்லை, உயரத்தால் அளக்கிறது: 50, 56, 62, 68, 74, 80, 86, 92. படிக்குப் படி 6 சென்டிமீட்டர். பிறந்ததும் 50 அல்லது 56, ஆறு மாதத்தில் 68, ஒரு வயதில் 80, இரண்டு வயதில் 92. ஆக எட்டுப் பருவம். நம் பிள்ளைத்தமிழ் வகுத்தது பத்துப் பருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையாட்டும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம். கை கொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். இரண்டு மரபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செங்கீரை 68, சப்பாணி 74, தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் 80 என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. அம்புலிப் பருவத்துக்கு மட்டும் ஐரோப்பியரிடம் இடமில்லை. நிலாவைக் கூப்பிடுவதற்குத் தனியாகப் பேட்டர்ன் வெட்ட வேண்டியதில்லை என்பது காரணமாகலாம். பதிலுக்கு, பிள்ளைத்தமிழில் மாற்றுச் சட்டைக்கு இடமில்லை. பாட்டுடைத் தலைவர்கள் பால் கக்குவதில்லை.

செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் தாய்மார்கள் இந்த இரண்டு மரபையும் ஒரே வாக்கியத்தில் கலக்கிறார்கள். “இப்பத்தான் தவழறான், அதுக்குள்ள 80 கேக்குதுங்க” என்றார் ஒருவர். தமிழ்ப் பேராசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சைஸ் சிக்கலின் மிகப் பழைய சான்று பக்கத்து ஊரான அவிநாசியில் இருக்கிறது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். விழுங்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது. இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு வெளியே வந்தான் என்கிறது புராணம். பக்தர்கள் இங்கே கைகூப்புவார்கள். ஜப்லாவியலாளன் கேட்பது வேறு: உள்ளே போனபோது போட்டிருந்த சட்டை வெளியே வந்தபோது பத்தியிருக்குமா? நல்ல வேளையாக, பிள்ளை குளத்துக்குக் குளிக்கப் போனவன். உரையாசிரியர்கள் தப்பித்தார்கள்.

இனி ஆடைகளின் வகை. திருப்பூர்க் குழந்தையின் உடம்பில் ஏறும் துணி மூன்று. பிறந்தவுடன் போர்த்துவது பழசு: அப்பாரின் வேட்டியைக் கிழித்தது, அம்மாவைப் பெற்ற அமுச்சியின் நூல் சேலையில் பாதி. புதுத்துணி உறுத்தும் என்பதால் பழசு. ஊரே புதுத்துணி தைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருக்கையில், அந்த ஊரில் பிறக்கும் உயிருக்கு முதல் ஆடை ஐந்து வருடம் துவைத்த வேட்டி என்பதை எந்த ஏற்றுமதியாளர் மாநாட்டிலும் சொல்வதில்லை. இன்னொன்று, சீருக்கும் பிறந்தநாளுக்கும் கடையில் எடுக்கும் வலைத்துணி கவுன். அது போட்டோவுக்கு. போட்டோ எடுத்ததும் கழற்றிவிடுவார்கள், குழந்தையும் அழுகையை நிறுத்திவிடும்.

மீதி நாளெல்லாம் போடுவது செகண்ட்ஸ். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, ஷேட் மாறியது, லேபிளைத் தலைகீழாக அடித்தது, அல்லது எந்தக் குற்றமும் செய்யாமல் ஆர்டர் ரத்தானதால் நின்றுபோனது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டையில் கழுத்து லேபிளை வெட்டிக் குவித்து வைத்திருப்பார்கள். அப்படித்தான், அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடை வாசலில் விளையாடும் பெண் குழந்தையின் நெஞ்சில் ‘தாத்தாவின் சின்ன மாலுமி’ என்று டேனிஷ் மொழியில் எழுதியிருக்கிறது. தாத்தா அதைப் படிக்காமலே பெருமைப்படுகிறார்.

ஏற்றுமதியாகும் குழந்தைச் சட்டைக்கு இருக்கிற கட்டுப்பாட்டைக் கேட்டால் ஐபிஎஸ் தேர்வு எளிது என்று தோன்றும். கயிற்றை எடுத்துக்கொள்வோம். 2004-ல் வந்த ஈஎன் 14682 என்ற ஐரோப்பிய விதிப்படி, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் சட்டையில் தலையிலோ கழுத்திலோ இழுகயிறு கூடாது. சறுக்குமரத்திலும் பஸ் கதவிலும் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்ததால் வந்த விதி அது, சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு, அந்தச் சட்டையைத் தைத்த அம்மாவின் வீட்டில் இருக்கிறது. அங்கே குழந்தைக்கு அரையில் அரைஞாண், கழுத்தில் தாயத்து கோத்த கறுப்புக் கயிறு, கையில் வசம்பு வளையல், காலில் தண்டை. பெரியாழ்வார் அலங்கரித்துப் பார்த்த கண்ணனையே ஷிப்மென்ட்டில் ஏற்றியிருந்தாலும் முழு லாட்டும் ரிஜெக்ட்தான்.

பட்டனுக்கு வருவோம். இழுவைச் சோதனையில் 90 நியூட்டன் விசையை 10 விநாடி தாங்க வேண்டும். கிலோவில் சொன்னால் ஒன்பது சொச்சம். அது ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையின் எடை. ஆக, சட்டைக்காரக் குழந்தையே பட்டனைப் பிடித்துத் தொங்கினாலும் பட்டன் கழன்று வரக் கூடாது என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. குழந்தைகள் இந்த விதியைப் படித்துவிட்டுத்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து. மேல்பட்டனை வாயில் வைத்து அவை இழுக்கும் நேரம் பத்து விநாடிக்குக் குறைவதே இல்லை.

எச்சிலும் விதிக்குள் வருகிறது. சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தது. ஓக்கோ-டெக்ஸ் முத்திரையில் மூன்று வயது வரைக்கான துணிக்குத் தனி வகுப்பே உண்டு. அதில் எச்சில் பட்டாலும் சாயம் விடக் கூடாது. ஆய்வகத்தில் இதற்கென்று செயற்கை எச்சில் கரைசல் தயாரிக்கிறார்கள். பெருமாநல்லூர் சாலையில் இயற்கை எச்சில் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கையில் இந்தச் செலவு தேவைதானா என்று தொழில்துறை யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைத்தது ஊசி. குழந்தைத் துணி தைக்கும் கம்பெனியில் ஊசி உடைந்தால், டெய்லர் உடைந்த துண்டையெல்லாம் தேடிப் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்துத் துணி முழுதையும் உலுக்கித் தேட வேண்டும். பிறகும் பீஸ் எல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் போய் வரும். இதே டெய்லர் வீட்டில், காணாமல் போன புளியங்கொட்டை குழந்தையின் வாயிலா மூக்கிலா என்று தேடும் முறைக்குப் பதிவேடு கிடையாது; விரல்தான்.

இவ்வளவு சோதனை தாண்டிய சட்டை, குழந்தை என்ற கடைசி இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நிற்கிறது. இங்கேதான் உலகத் தரக்கட்டுப்பாடு தோற்கிறது. பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர், 1,201-லிருந்து 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125-ஐ எடுத்துப் பார்ப்பார், ஏற்கத்தக்க தர அளவு (ஏக்யூஎல்) 2.5 என்றால் 7 பிழை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். குழந்தை ஒரே பீஸைப் பார்த்து ஃபெயில் போடுகிறது. காரணம் எழுதித் தருவதில்லை. மறுபரிசீலனை இல்லை. லஞ்சமாக நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஃபெயில் போடுகிறது.

அதன் எதிர்ப்பு நடவடிக்கைகளை இரண்டு பிரிவில் அடக்கலாம். விறைத்தல்: முழங்கை மடங்க மறுக்கும், முதுகு வில்லாக வளையும். நழுவல்: அதே உடம்பில் எலும்பே இல்லாமல் போய், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் சட்டை மட்டும் மேலே வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு விநாடி போதும். எதிர்த் தரப்பில் இரு பள்ளிகள். தலையை முதலில் நுழைப்பது தாய்ப் பள்ளி. கையை முதலில் நுழைப்பது அப்பத்தா பள்ளி. தகப்பன் பள்ளி என்று ஒன்றும் உண்டு. அது “சட்டை வேண்டாம், வெயிலா இருக்குது” என்பதோடு முடிந்துவிடுகிறது.

“ஏனுங்கத்தை, தலைய மொதல்ல விடுங்க, கழுத்து ரிப் நல்லா விரியும்.”

“உன் ரிப்பு கம்பெனில விரியட்டும் அம்மிணி. வேன்காரன் கத்தறான், நீ கெளம்பு. சாமிக்கு நான் போட்டு உடறேன்.”

இந்த உரையாடலில் தாய் சொன்னதே தொழில்நுட்பப்படி சரி. ரிப் பின்னலின் இழுவை பக்கவாட்டில்தான் அதிகம். தலை போகும் வழி அதுவே. ஆனால் சட்டை போட்டது அப்பத்தா. மாலை அதைக் கழற்றி இன்னொன்று மாட்டியதும் அவர்தான். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போன தாய் இரவு எட்டரைக்கு இறங்குவார். வரும்போது குழந்தை தூளியில் தூங்கியிருக்கும். அவர் கை கழுவிவிட்டு வந்து முதலில் செய்வது, தூங்குகிற குழந்தையின் சட்டை ஓரத்தைத் திருப்பித் தையல் பார்ப்பது. பிசிர் இருந்தால் பல்லால் கடித்து எடுப்பார். கேட்டால் “பழக்க தோஷம்ங்க” என்பார்.

பெரிய குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நான்கு வயதில் ஆய்வுப் பொருளே பேச ஆரம்பித்துவிடுவதால் ஆய்வாளனுக்கு வேலை குறைவு. “லேபிள் குத்துது” என்பது அவர்களின் வாதம். லேபிளை வெட்டிய சட்டைக்கும் அதே வாதம். டைனோசர் படம் போட்ட ஒரே சட்டையைத் துவைக்க விடாமல் போட்டுக்கொண்டு திரிவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டைனோசர் வாங்கிக் கொடுத்தால், அது இது இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இவர்களை வளர்த்துச் செக்கிங்கில் சேர்த்தால் ஒரு பையரும் வாய் திறக்க முடியாது.

ஆய்வு முடிவுக்கு வருகிறேன். சட்டையிலோ பள்ளியிலோ ரிப்பிலோ கோளாறு இல்லை, நேரத்தில்தான். வேன் நிற்கும் காலையில் போட மறுக்கும் அதே குழந்தை, கம்பெனி லீவு விடும் ஞாயிறு காலையில் அம்மா கையால் அதே சட்டையைச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்கிறது. அமுச்சி ஒருவர் இதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கட்டுரையாக எழுதவில்லை. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. நான்கு முறை என்பது, என் கணக்கில், நான்கு சட்டை மாற்றம். ஈஎன் 14682-ஐ நூல் பிசகாமல் பின்பற்றும் கம்பெனிகள் இதையும் அதே கெடுபிடியோடு பின்பற்றினால் ஜப்லாவியலில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி வாசகர் கையில். அடுத்த முறை காதர்பேட்டையில் குழந்தைக்கு எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலில் விரலை ஓட்டுங்கள். கழுத்தில் கயிறு இருந்தால் அங்கேயே உருவி எறியுங்கள். பட்டனைக் கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, பத்து எண்ணும் வரை பலமாக இழுத்துப் பாருங்கள். என்ன குற்றத்துக்காகக் கழித்தார்கள் என்று செகண்ட்ஸ் சட்டையில் எழுதியிருக்காது.