தகடூர்ப் போரியலும் விரல் வேகமும்

கணினித் திரையில் ஒரு சிற்றரசை நிறுவி, அதன் குடிகளை விறகு வெட்டவும் வயல் உழவும் பொன் தோண்டவும் ஏவி, அவ்வாறு சேர்ந்த பொருளைக் கொண்டு படை திரட்டி, எதிரியின் சிற்றரசை அழிக்கும் விளையாட்டு வகைக்கு நிகழ்நேர வியூக விளையாட்டு என்று பெயர். ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருக்கக் கடமைப்பட்டவர். 3 புலிகளுக்கும் 15 ஆடுகளுக்கும் இடையிலான வழக்கை ஒரு பிற்பகல் முழுவதும் இழுத்தடித்தாலும் கேட்பாரில்லை. நிகழ்நேர விளையாட்டில் இந்த நாகரிகம் கிடையாது. ஒருவர் தாடையில் கைவைத்து யோசிக்கும் நேரத்தில் மற்றவர் அவருடைய களஞ்சியத்துக்குத் தீ வைத்துக்கொண்டிருப்பார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்வதுமில்லை.

1992-இல் வெளிவந்த 'டூன் 2' இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது. 1998-இன் 'ஸ்டார்கிராஃப்ட்' தென் கொரியாவில் தொலைக்காட்சிப் போட்டியாகும் அளவுக்கு வளர்ந்தது. 1999-இன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இன்றும் ஆடப்படுகிறது. அன்று தொடங்கி இவ்விளையாட்டுகளை ஆடுவோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். விரைவே வெற்றி என்போர் விரல் கட்சி; சிந்தனையே வெற்றி என்போர் திட்டக் கட்சி. விரல் கட்சியார் தம் பெருமையை அளக்க ஓர் அளவையும் வைத்துள்ளனர். விசைப்பலகையிலும் மவுஸிலும் ஒருவர் ஒரு நிமிடத்தில் இடும் கட்டளைகளின் எண்ணிக்கையே அது. ஏபிஎம் என்று அதைச் சுருக்கிச் சொல்வர். தொழில்முறை ஸ்டார்கிராஃப்ட் வீரர்களிடம் அது 300-ஐத் தாண்டுவது உண்டு, அதாவது நொடிக்கு ஐந்து கட்டளைகள். திட்டக் கட்சியாரிடம் இதுபோன்ற அளவை எதுவும் இல்லை. திட்டத்தின் ஆழத்தை அளக்கும் கருவி கண்டுபிடிக்கப்படாதிருப்பதே அக்கட்சியின் பெரும் பலம்.

ஆராய்ச்சிக்குரிய முதற்செய்தி, திட்டக் கட்சியில் சேர்வோரின் வயதாகும். பதினைந்து வயதில் எவரும் அதில் உறுப்பினராவதில்லை. முப்பத்தைந்தைக் கடந்து, நடத்துநர் தரும் சில்லறையில் ஒரு நாணயத்தையாவது தவறவிடும் பருவத்தில்தான், வேகம் பெரிதல்ல, மூளையே பெரிது என்ற தத்துவம் ஒருவருக்குள் அரும்புகிறது. பாலக்கோட்டிலோ அரூரிலோ கோடை விடுமுறைக்கு வந்த அக்காள் மகனிடம் பத்து நிமிடத்தில் கோட்டையைப் பறிகொடுத்த தாய்மாமன், "என் திட்டம் இருபதாவது நிமிஷத்துலதான்டா தெரிஞ்சிருக்கும்" என்று விளக்கம் அளிப்பார். "ஆட்டமே பத்துல முடிஞ்சிருச்சே மாமா" என்று மருமகன் சொல்வதற்கு அத்தத்துவத்தில் மறுமொழி இல்லை. 2012-ஆம் ஆண்டு சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு நிலவியபோது இக்கட்சி ஒரு பொற்காலத்தைக் கண்டது எனலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் எந்த ஆட்டமும் இருபதாவது நிமிடத்தை எட்டாததால், எந்தத் திட்டமும் தோற்றதாக நிறுவ இயலவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் இவ்விவாதம் நிகழ்வது பொருத்தமே. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றி வென்ற ஊர். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே தொகை நூலிலும் உரைகளிலும் எஞ்சியுள்ளன. ஆட்டக்காரர் மொழியில் சொன்னால், ஆட்டம் முடிந்தபின் திரும்பப் பார்ப்பதற்கான 'ரீப்ளே' கோப்பின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதைக் கொண்டு இரு கட்சிகளும் தத்தமக்குச் சான்று தேடிக்கொள்ள நிறையவே இடமிருக்கிறது.

போரைப் படிநிலைகளாகப் பகுத்துப் பார்ப்பதில் தமிழ் இலக்கணிகள் இன்றைய ஆட்டக்காரர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். புறப்பொருள் வெண்பாமாலையின் வகைப்பாட்டில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை, பகைவர் நாட்டின்மேல் படையெடுப்பது வஞ்சி, அதை எதிர்த்து நிற்பது காஞ்சி, மதிலைக் காப்பது நொச்சி, மதிலை வளைப்பது உழிஞை, களத்தில் நேர்நின்று பொருவது தும்பை, வெல்வது வாகை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடியவர்களுக்கு இப்பட்டியல் சற்றும் புதிதாகத் தோன்றாது. அவ்விளையாட்டில் ஆட்டக்காரருக்குத் தொடக்கத்தில் ஓர் ஊர் மையமும் மூன்று குடிகளும் ஒரு வேவுக் குதிரைவீரனும் வழங்கப்படுகின்றன. அக்குதிரைவீரனின் முதற்பணி சுற்றுப்புறத்தில் திரியும் ஆடுகளைக் கண்டுபிடித்து ஓட்டி வருவது. காவலின்றி விடப்பட்ட ஆட்டின் அருகே எதிரியின் வீரன் வந்து நின்றால், அந்த ஆடு எந்த மனச்சான்று உறுத்தலும் இன்றி அந்த நொடியிலேயே எதிரியின் நிறத்துக்கு மாறிவிடும். இதைவிடத் தூய வெட்சித் திணையை இலக்கண உரையாசிரியர்களும் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். பழந்தமிழ் வீரர் போருக்கு உரிய பூவைச் சூடிச் செல்வது மரபாதலால் எதிரியின் தலையைப் பார்த்தே அவன் எண்ணத்தை அறியலாம். கணினி விளையாட்டில் அதே செய்தியை அறிய வேவு அனுப்ப வேண்டியுள்ளது, வேவுக்குச் சென்றவனைப் பெரும்பாலோர் மறந்தும் விடுகின்றனர்.

இவ்விரு கட்சிகளின் வழக்கில் முதல் தீர்ப்பை வழங்கியவர் ஔவையார். அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது சென்ற அவருக்கு, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையில் பளபளத்தன. அதைக் கண்ட ஔவையார், அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார். இகழ்வது போலப் புகழ்ந்த இப்புறநானூற்றுப் பாட்டைத் தமிழாசிரியர்கள் நயம் பாராட்டிக் கற்பிப்பர். நிகழ்நேர வியூக விளையாட்டின் தலையாய விதி அதில் அடங்கியிருப்பதை அவர்கள் சொல்வதில்லை. செலவழிக்கப்படாத பொருள், பொருளே அன்று. நல்ல ஆட்டக்காரரின் கருவூலம் எப்போதும் ஏறக்குறைய காலியாகவே இருக்கும். ஈட்டிய பொன் ஈட்டிய கணமே வேலாகவும் குதிரையாகவும் மாறிவிடும். தோற்றவரின் திரையை நோக்கினாலோ மூலையில் மூவாயிரம் பொன்னும் நாலாயிரம் விறகும் பீலி சூடிய வேல்களாய் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அவரைக் கேட்டால், பெரும்படை ஒன்றுக்காகச் சேமித்ததாகச் சொல்வார். திட்டக் கட்சியின் தேர்தல் சின்னமாக அந்த மூவாயிரம் பொன்னை வைக்கலாம்.

இதனால் அஞ்சி விரல் கட்சிக்காரன் என்று முடிவுகட்டுவோர் நெல்லிக்கனியை மறந்தவர்கள். நெடுநாள் வாழவைக்கும் அரிய கனி கிடைத்தபோது, படைத்தலைவனாகிய அவன் அதைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தான். விளையாட்டு நோக்கில் இதைவிடப் பிழையான நகர்வு வேறில்லை. உயிர்வலிமை கூட்டும் அரும்பொருளைக் களத்தில் நிற்பவன் எடுத்துக்கொள்ளாமல், ஆட்டத்தை வர்ணிப்பவருக்குக் கொடுத்துவிட்டான். அவன் தோற்றான், வர்ணனையாளர் வாழ்ந்தார். ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் தோற்றவனின் பெயரே ஊருக்குள் முதலில் சொல்லப்படுகிறது என்பதால் அந்நகர்வைப் பிழை என்று அடித்துச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

வென்றவனாகிய பெருஞ்சேரல் இரும்பொறையைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் இவனைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுக்க முன்வந்தான் என்றும், புலவர் அரசை மறுத்து அமைச்சுப் பொறுப்பை ஏற்றார் என்றும் அப்பத்தின் பதிகம் கூறுகிறது. ஆனால் இவன் ஆட்டத்திறனைக் காட்டும் செய்தி புலவர் மோசிகீரனாருடையது. களைத்து வந்த அப்புலவர் முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது முறை. அதாவது விரலுக்குப் பழகிய கட்டளை அது. மன்னன் வெட்டவில்லை. விசிறியை எடுத்து, அவர் விழிக்கும்வரை வீசிக்கொண்டிருந்தான். இங்குதான் விரல் கட்சியும் திட்டக் கட்சியும் ஒருசேரத் தடுமாறுகின்றன. திட்டம் என்பது ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்து யோசிப்பதாக ஒரு கட்சி எண்ணுகிறது. அப்படி யோசிக்க நேரமே இல்லை என்று மற்றது வாதிடுகிறது. உண்மையில் யோசனை ஆட்டத்துக்கு வெகு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின்போது அது வெளிப்படும் ஒரே இடம், பழகிய விரல் செய்யத் துடித்தும் செய்யாமல் விட்ட செயல். தகடூரை வென்றவனின் ஏபிஎம் அன்று விசிறி வேகத்திலேயே இருந்தது.

செய்யாமல் விட்டவருக்கு நினைவுச்சின்னம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் கண்டறியப்பட்ட நடுகற்களில் பலவும் ஆநிரைப் பூசலில் மாண்டவருக்கு எடுக்கப்பட்டவை. தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் அத்தகையவற்றைக் காணலாம். வில்லும் வாளும் ஏந்தி, ஒரு கால் முன்வைத்து ஓடும் கோலத்தில் வீரன் செதுக்கப்பட்டிருப்பான். மாடு போனது என்ற கூக்குரல் கேட்டவுடன் ஓடியவன் அவன். கள்வர் எத்தனை பேர், எந்தக் கணவாய் வழியே திரும்புவர், அங்கே முன்கூட்டி மறைந்திருப்பது எப்படி என்றெல்லாம் திண்ணையில் அமர்ந்து ஆராய்ந்தவனுக்கு ஊரார் கல் நடவில்லை. அவன் முதுமை எய்தி, பேரப்பிள்ளைகளுக்குத் தன் திட்டத்தை விவரித்திருப்பான். பக்கத்து மாவட்டமாகிய திருவண்ணாமலையைச் சேர்ந்த, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதில் வீரனின் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்வர் இருவரைக் கடித்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. திட்டம் ஏதுமின்றி எதிர்வினையால் மட்டும் கல்வெட்டில் பெயர் பெற்ற உயிர் என்ற வகையில், விரல் கட்சியார் கோவிவனைத் தம் முன்னோடியாக அறிவிக்கலாம். விரல்களால் அன்றிப் பற்களால் வென்றது என்ற சிறு சிக்கல் மட்டுமே அதற்குத் தடை.

2022 ஏப்ரலில் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-இல் திராவிடர் என்ற நாகரிகத்தைச் சேர்த்தது. இராசேந்திர சோழனுக்குத் தனிப் போர்த்தொடர் கிடைத்தது; அஞ்சிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்நாகரிகத்தின் வலிமை கடலில் உள்ளது. திரிசடை என்ற பெருங்கப்பல் அதன் சிறப்புப் படை, மீனவர்க்கும் தனிச் சலுகை உண்டு, குதிரைப்படை மட்டும் நலிந்தது. கடற்கரையே இல்லாத தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் சொந்த இனம் என்ற பற்றால் இதைத் தேர்ந்து, வறண்ட நில வரைபடத்தில் குதிரைவீரர்களிடம் அடிபடும்போது, ஒகேனக்கல் பரிசல் தவிர வேறு கப்பலை அறியாத தன் மண்ணை நொந்துகொள்ள நேர்கிறது. உறுமி ஏந்திய வீரன் ஒருவனும் உண்டு. அவனுடைய முதல் வீச்சு பேரழிவு தரும், அடுத்த பெருவீச்சுக்கு ஆற்றல் நிரம்பும்வரை அவன் காத்திருக்க வேண்டும். இரு கட்சிகளையும் ஓர் உடலில் அடக்க முயன்ற சமரசமாகவே அவனைக் கொள்ள வேண்டும்.

வழக்கு இறுதியில் இயந்திரத்திடம் சென்றது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு, 'ஸ்டார்கிராஃப்ட் 2'-இல் இரு தொழில்முறை வீரர்களைத் தலா 5-0 என்று வென்றதை 2019 சனவரியில் உலகம் அறிந்தது. அதன் சராசரி ஏபிஎம் ஏறக்குறைய 280, எதிராடியவர்களுடையதைவிடக் குறைவு. கண்டதற்கும் செயல்படுவதற்கும் இடையே சராசரியாக 350 மில்லி நொடி எடுத்துக்கொண்டது. திட்டக் கட்சியார் வெடி வெடிக்கும் முன்பே, கடும்போர் நடக்கும் கணங்களில் மனிதருக்கு எட்டாத வேகத்தில் அது கட்டளைகளைப் பொழிந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். மேலும், மனித வீரரின் 300-இல் கணிசமான பகுதி, விரல் சூடு ஆறாமலிருக்க வெறும் நிலத்தை மீண்டும் மீண்டும் தட்டுவது.  

எனினும், நேரலையில் நடந்த பதினோராவது ஆட்டத்தில், மானா என்ற புனைபெயர் கொண்ட போலந்து வீரர் அதை வீழ்த்தினார். பறக்கும் ஊர்தி ஒன்றில் இரண்டே வீரர்களை ஏற்றி இயந்திரத்தின் பின்புறத்தில் அவர் இறக்கினார். முன்னேறிச் சென்றுகொண்டிருந்த ஆல்ஃபாஸ்டாரின் முழுப்படையும் வீடு காக்கத் திரும்பி ஓடி வந்தது. படை வந்ததும் ஊர்தி அவ்விருவரையும் ஏற்றிக்கொண்டு விலகியது. படை முன்னேறியதும் மீண்டும் வந்தது. படை மீண்டும் திரும்பியது. கணக்கற்ற ஆட்டங்களைத் தனக்குள் ஆடிப் பயின்ற இயந்திரம், ஒரு சிறு பிரிவை வீட்டில் நிறுத்திவைத்தால் போதும் என்பதைக் கடைசிவரை காணாமல், கரந்தைப் பூவைச் சூடுவதும் கழற்றுவதுமாகவே காலம் கழித்தது. அந்த இடைவெளியில் மானா தன் பெரும்படையைக் கட்டி முடித்துவிட்டார்.