சைக்கிளில் வந்த காரணம்

உத்தியோக நிமித்தமாக நான் வசிக்கும் ஹாலந்து தேசத்தில், ஒருவன் சைக்கிளில் ஏறிப் போவதற்குக் காரணம் கேட்பாரில்லை. உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ராட்டர்டாமுக்குப் போக விரும்புகிறவன், சந்திகளில் நட்டிருக்கும் எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே, ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேரலாம். ஐரோப்பாவிலுள்ள அவர்களது பூமியில் மலையென்று மரியாதையாக அழைக்கப்படுவதில் மிக உயர்ந்தது 322 மீட்டர்தான்.

இத்தகைய சௌகரியத்தில் பழகிய கால்களோடு விடுமுறைக்கு வந்த நான், பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சைக்கிளிலேயே பிரயாணம் செய்வதென்று சங்கல்பித்து, லாரிகள் வலது முழங்கையை உரசாத குறையாக வாணியம்பாடியை அடைந்து, அவ்வூர்ப் பிரியாணி அளித்த தைரியத்தில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைமேல் ஏறிப் போளூர்ப் பக்கம் இறங்கலாமென்று புறப்பட்டேன்.

ஆலங்காயத்து டீக்கடையிலேயே விசாரணை ஆரம்பமாயிற்று. வெளிநாட்டில் வேலை என்றதும், "வேல போயிடுச்சா சார்?" என்று ஒருவர் அனுதாபத்துடன் வினவினார். சைக்கிளின் விலையைக் கேட்டவரிடம் நிஜ விலையில் பாதியைச் சொன்னேன்; அந்தப் பாதிக்கே நல்ல மோட்டார் சைக்கிள் கிடைக்குமே என்று அவர் உண்மையாகவே வருந்தினார். தேக ஆரோக்கியத்துக்காக என்றேன். என் சரீரத்தை மேலும் கீழும் நோக்கியவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் ஹாலந்து தேசத்து மௌனத்தைச் சேர்ந்ததன்று.

மேலே காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977-ல் புலப்பட்டபோது அதைக் கவனித்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இரவெல்லாம் கண்விழித்து ஆகாயத்தை ஆராய்கிறவர்களைப் பற்றிக்கூட ஆச்சரியம் தீர்ந்துபோன அம்மலைவாசிகளுக்கு, பகலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவன்மட்டும் விளங்காத வஸ்துவாக இருந்தான்.

தள்ளிக்கொண்டு என்று சொல்லிவிட்டேனல்லவா? ஏற்றம் அப்படிப்பட்டது. ஒரு வளைவில், தலையில் சாமை மூட்டையோடு எனக்கு முன்னே அனாயாசமாக நடந்துகொண்டிருந்த கிழவி திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, அண்ணாமலையாருக்கு வேண்டுதலா?" என்றாள். மூச்சு வாங்கிய நிலையில், "ஆமாம்" என்பதைவிடச் சுருக்கமான பதில் எனக்கு அகப்படவில்லை.

அந்த ஒரு சொல் எனக்கு முன்னதாகவே, வழியிலுள்ள ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. எவ்வளவு சம்பளம், ஏன் கார் இல்லை என்ற கேள்விகள் யாவும் மாயமாய் மறைந்தன. டீக்குக் காசு வாங்க மறுத்தார் கடைக்காரர். அதுமட்டுமன்றி, என் பேரிலும் உண்டியலில் சேர்த்துவிடுங்கள் சாமி என்று பத்து ரூபாய் நாணயம் ஒன்றையும் கையில் வைத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர், அவரைப் பார்த்துத் தேன் விற்ற அம்மாள், பஸ்ஸுக்குக் காத்திருந்த குடும்பம் என்று வரிசை நீண்டது. ஒரு மாமியார் தம் மருமகளின் பிரசவத்துக்காக விசேஷமாகச் சொல்லி அனுப்பினார்.

போளூரில் இடப்புறம் திரும்பினால் சென்னை மார்க்கம். வலப்புறம் திருவண்ணாமலை, அதாவது நான் போகவேண்டிய திசைக்கு நேர் எதிர். சட்டைப்பை கனத்தது. வலப்புறமே திரும்பினேன்.