மலைவட்டச் சைக்கிள்காரர்

மலைவட்டச் சைக்கிள்காரர் மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்கா தீவில், வசந்த காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தென்படுபவர். ஸ்பெயினுக்குச் சொந்தமான இத்தீவுக்கு அவர் பிரிட்டன், ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளிலிருந்து வந்து சேர்கிறார். வயது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். ஊரில் கணக்கராகவோ பல் மருத்துவராகவோ இருப்பார். இங்கே இறங்கியதும் உடம்போடு ஒட்டிய பளபளப்புச் சட்டைக்குள் புகுந்து பந்தய வீரராகிவிடுகிறார். அந்தச் சட்டை ஆளை ஒல்லியாகக் காட்டும் என்பது அவர் நம்பிக்கை. உள்ளதை உள்ளபடி காட்டும் என்பது மற்றவர்கள் அனுபவம்.

பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதி. எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்காதவர் என்றாலும், அந்த எண்ணை எட்டிப் பிடிக்க அவர் சேமிப்பைக் கரைக்கிறார். 200 கிராம் குறைவான சக்கரங்கள் வாங்கியாயிற்று. விடுதியில் காலை உணவு அளவில்லாமல் கிடைப்பதால் மூன்றாவது தட்டும் ஆயிற்று. மலை இரண்டையும் தனித்தனியாக நிறுப்பதில்லை, சேர்த்தே நிறுக்கிறது.

அவருடைய மலைவட்டம் தொடங்குவது போர்ட் டி சோயேர் துறைமுகத்தில். குதிரை லாடம் போல வளைந்த அந்த விரிகுடாவின் முன் நின்று, பயணத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியையும் கைப்பிடியில் பூட்டிய கார்மின் கருவியையும் அவர் சரிபார்க்கிறார். கருவி செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்கும்வரை கிளம்புவதில்லை. பதிவாகாத மிதி மிதியே அல்ல.

முதல் ஏற்றம், தீவின் மிக உயர்ந்த சிகரமான புச் மஜோரின் தோளுக்கு. ஏறக்குறைய 14 கிலோமீட்டர். சோயேர்ப் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுத் தோப்புகள் கீழே விலக, திரமுந்தானா மலைத்தொடரின் சுண்ணாம்புப் பாறைகள் மேலே எழுகின்றன. யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலக்காட்சி இது. அவர் கண்ணில் படும் நிலக்காட்சியோ கருவியின் திரை, இரண்டு அங்குல அகலம் கொண்டது; சரிவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறுவது. நிறம் சிவக்கும்போது முகமும் சிவக்கிறது.

சுரங்கப்பாதையையும் நீர்த்தேக்கங்களையும் கடந்ததும் சா கலோப்ரா சாலை பிரிகிறது. வட்டத்தின் உயிர்நாடி இதுதான். 1932-இல் முடிந்த இச்சாலையை வடிவமைத்தவர் பொறியாளர் அந்தோனியோ பாரியேத்தி. சுற்றுலாப் பயணிகள் சிரமமில்லாமல் இறங்கிக் கடல் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். ஆகவே மலையைத் துளைக்காமல், அதன் உடம்பை ஒட்டியே இருபத்துச் சொச்சம் கொண்டை ஊசி வளைவுகள் போட்டுச் சரிவைத் தணித்தார். ஓரிடத்தில் சாலை சுற்றி வளைந்து தன் பாலத்துக்கு அடியில் தானே நுழைந்து போகிறது. ‘டை முடிச்சு’ என்று அதற்குப் பெயர். ஆக, இந்தச் சாலையே ஏறுகிறவர்மேல் இரக்கப்பட்டுப் போட்டது; சைக்கிள்காரரோ இதைக் கொடூரம் என்று ஊரில் போய்ச் சொல்வதற்காகவே வருகிறார்.

682 மீட்டர் உயரத்துக் கணவாயிலிருந்து கடல்மட்டம்வரை சுமார் 9.5 கிலோமீட்டர் இறக்கம். இறங்கும்போது கண் சாலையில், விரல் பிரேக்கில். கீழே போனபின் ஊருக்குத் திரும்ப வேறு சாலை கிடையாது. இறங்கியவர் ஏறித்தான் ஆக வேண்டும். துறைமுகத்துக்குப் படகு உண்டு. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் புறப்படும் நேரம் மனப்பாடமாகத் தெரியும்.

கடலோரத்தில் நடப்பது புகைப்படச் சடங்கு. நிற்பது சைக்கிள்தான், கடல் அதற்குப் பின்புலத் திரை. சங்கிலி இருக்கும் வலப்பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். பெடல் தண்டு கிடையாக இருக்க வேண்டும். டயரின் வால்வு கீழே வர வேண்டும். அது கொஞ்சம் தள்ளி நின்றாலும் சக்கரத்தை உருட்டி மறுபடி எடுப்பார். அலை எப்படி வந்தாலும் சரி.

அதன்பின் ஏற்றம்: சராசரி ஏழு சதவீதம். தொழில்முறை வீரர்கள் அரை மணிக்குள் முடிப்பார்கள். இவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். காரணம் ஒருபோதும் கால்களில் இருக்காது. முதல் வளைவுகளில் எதிர்காற்று, நடுவில் கியரில் ஏதோ உரசல், அதற்கு மேலே சுற்றுலாப் பேருந்து. பேருந்து வளைவில் பின்வாங்கி முன்வரும் இரண்டு நிமிடம் அவருக்கு வரப்பிரசாதம். முகத்தில் எரிச்சலும் நுரையீரலில் நன்றியுமாக நிற்கிறார். இளைஞன் ஒருவன் முந்திப் போனால் உடனே ஓரங்கட்டிச் சங்கிலியைக் குனிந்து பார்ப்பார். பாறைமேல் நிற்கும் மலையாடு, அசைபோட்டபடி இவரைப் பார்க்கும்.

கணவாயைத் தாண்டியபின் மற்றதெல்லாம் தொடர்கதை. யுக் மடாலயத்துக்கு அருகே பெட்ரோல் பங்கை ஒட்டிய காபிக்கடையில் கேக்கும் காபியும். எரிந்த கலோரியைவிட எழுதிய கணக்கு எப்போதும் கூடுதல். பிறகு சமவெளி இறக்கம். கடைசியில், 496 மீட்டர் சோயேர் கணவாய். மலைக்குக் கீழே சுரங்கப்பாதை இருப்பதால் கார்கள் இங்கே வருவது குறைவு. பார்க்க ஆளில்லாத வளைவுகளில் அவர் தாராளமாக நின்று மூச்சு வாங்குகிறார்.

துறைமுகம் திரும்பும்போது கருவியில் முழு எண்ணுக்கு 300 மீட்டர் குறைகிறது. அப்படியே விட்டால் தூக்கம் வராது. கடற்கரையை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்தில் சுற்றத் தொடங்குகிறார். அந்தி பார்க்க வந்தவர்கள் சுவரோரம் அமர்ந்து மேற்கே நோக்கியிருக்க, அவர்களுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகிறார். சூரியன் கடலில் இறங்கியது அவருக்கும் தெரியும். திரையில் வெளிச்சம் கூசுவது நின்றுவிடுகிறது.