பொத்தான அமுக்கு தம்பி, எடுக்கறது யாருன்னு பாப்பம்

வா தம்பி, குந்து. கவுன்சிலரு ஆனதும் மொத வேலையா பூங்காவுல அவசரப் போன் வைக்கப் போறியாமே? நல்ல காரியம். செவப்புப் பெயிண்டு அடிச்சி பளபளன்னு வையி. பெட்டிய வுட ஒம்பேரு எழுதின போர்டு பெருசா இருக்கணும். ராத்திரில வழிப்பறிக்காரன் தொரத்திக்கினு வந்தாலும், யாரு உபயம்னு படிச்சிட்டு அப்பறமா பொத்தான அமுக்கட்டும்.

பொத்தான ஆறடி ஒசரத்துல வையி. அப்பதான் பசங்க தொட்டு வெளையாட மாட்டானுவ. பொம்பளைங்களுக்கு எட்டாதேன்னு கவலப்படாத, ஒரு ஸ்டூலு வாங்கிப் போட்டுடலாம். அதுக்குத் தனியா ஒரு டெண்டரு. பெட்டிய எவனாவது பேத்துக்கினு போயிருவானோன்னு பயமா இருந்தா பூட்டு போடு, சாவிய வாட்ச்மேன் கிட்ட குடு. அவரு பொழுது சாஞ்சதும் கேட்ட மூடிட்டு வூட்டுக்குக் கெளம்பறப்ப சாவியும் பத்தரமா அவரு கூடவே போயிரும்.

சிரிக்கிற. மெட்ராசப் பாத்து வந்த ஆசதான இது? அங்க போலீசு 2025-ல அறிவிச்சாங்க, 200 எடத்துல ‘ரெட் பட்டன்’ வைக்கறம்னு. அமுக்கினா கன்ட்ரோல் ரூமுக்குப் போயிரும், கேமரா சுத்தியும் பாக்கும், சைரன் கத்தும், போலீசு வீடியோவுல மொகத்தக் காட்டிப் பேசும். மெட்ராசுக்கு ஒன்னு வந்தா விழுப்புரத்துக்கு ஆச வரும். விழுப்புரத்துக்கு வந்தா திண்டிவனம் சும்மா இருக்குமா? ரெண்டுக்கும் நடுவுல மயிலத்துப் பக்கம் குந்திக்கினு ரெண்டு ஊரு வீம்பையும் எத்தினி காலமா பாக்கறன்.

ஆனா நமக்கு இந்தப் பெட்டி ஒன்னும் புதுசு இல்ல தம்பி. நாலு வழிச் சாலைன்னா ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு எஸ்.ஓ.எஸ். பெட்டி நடணும்னு கணக்கு. விக்கிரவாண்டி டோல்கேட்டுப் பக்கம் பஸ்ஸுல போறப்ப சன்னலோரம் குந்தியிருந்தா அந்த மாதிரி பெட்டிய நீயும் பாத்திருப்ப. அதுல பேசிக்கினு நின்ன ஆள எப்பனா பாத்தியா? 2018-ல 1033-னு ஒரு நம்பரு குடுத்தாங்க. வண்டி நின்னா அவனவன் சட்டப் பையிலருந்து செல்ல எடுத்து அதுக்கு அடிக்கறான். கம்பங்கொல்லியில பொம்ம நட்டா மொத வாரம் குருவி பயப்படும், ரெண்டாவது வாரம் அதும் தலமேலயே குந்திக்கினு கதிரத் தின்னும். ஆளு வராத பெட்டியும் அப்பிடித்தான், திருடன் மொதல்ல கண்டுபுடிச்சிடுவான்.

எம்பேரன் அமெரிக்காவுல படிக்கறான். அங்க காலேஜுக்கு உள்ளாற நீல வெளக்கு வச்ச போன் கம்பம் ரொம்ப வருசமா நிக்குதாம். எல்லார் கையிலயும் செல்லு வந்தப்பறம், வெளையாட்டுக்கு அமுக்கறவனும் தெரியாம அமுக்கறவனும்தான் மிச்சம்னு சில காலேஜுல புடுங்கிப் போட்டுட்டாங்களாம். சில காலேஜுல, இருக்கறது ஒரு தைரியம்தானேன்னு வுட்டு வச்சிருக்காங்க.

நம்மகிட்ட மட்டும் நம்பருக்கா பஞ்சம்? 100, 101, 108, 1091, 181, 1098, இதெல்லாம் பத்தாதுன்னு 2019-ல 112. காவலன்னு ஒரு ஆப் 2018-ல, காவல் உதவின்னு இன்னொன்னு 2022-ல. இரு, என் பட்டன் போனப் பாரு. 2017 சனவரிலருந்து விக்கற எல்லா செல்லுலயும் அவசரப் பொத்தான் இருக்கணும்னு சர்க்காரு அதுக்கு மொத வருசமே உத்தரவு போட்டுச்சி. இந்த மாதிரி போன்னா 5 இல்லாட்டி 9-அ அமுக்கிப் புடிக்கணும். ஒன்னுது மாதிரி வழவழன்னு இருக்கறதுன்னா பக்கத்துப் பவர் பொத்தான வெடுக்கு வெடுக்குன்னு மூணு தடவ. ஒனக்குத் தெரியுமா? பாத்தியா, முழிக்கற. கவுன்சிலருக்கே தெரியல, மத்தியானத்துல மரத்தடியில குந்தியிருக்கற கெழவிக்கு எங்கருந்து தெரியும்?

அதுக்காக வாணாம்னு சொல்லல. செயினு அறுக்கறவன் மொதல்ல புடுங்கறது செல்லத்தான். அப்ப ஆப்பு எதுக்கு, நம்பரு எதுக்கு? பள்ளிக்கூடப் புள்ளைங்க கையில போனும் இருக்காது. இன்னொன்னும் இருக்குது. திண்டிவனத்துல நின்னுகினு 112 அடிச்சா மெட்ராசுல எடுப்பாங்க. எங்க இருக்கீங்கம்பாங்க. நடுங்கிக்கினு நிக்கற பொண்ணு எந்த வார்டு, எந்தத் தெருன்னு சொல்லும்? பெட்டிக்கு அந்தத் தொல்ல இல்ல. நட்ட எடம்தான் அதுக்கு விலாசம். அந்த ஒரு கொணத்துக்காவது வைக்கலாம்.

ஆனா எப்பிடி வைக்கறதுன்னு கேளு. ஒத்த ரூவா போன் ஞாபகம் இருக்குதா? நீ அப்ப அரக்கால் சட்டையில திரிஞ்ச. டீக்கட, பெட்டிக்கட, சைக்கிள் கட, எங்க பாத்தாலும் தொங்கிச்சி. அது ஏன் சாவாம இருந்துச்சி? செத்தா கடைக்காரனுக்கு அன்னன்னிக்கு வருமானம் போச்சி. காலையில மணி அடிக்கலன்னா மத்தியானத்துக்குள்ள லைன்மேன் வூட்டு வாசல்ல நிப்பான். நீ வைக்கற ஓசி போன் செத்தா யாருக்கு நட்டம்? ஓடி வந்து அமுக்கறவளுக்கு மட்டும்தான். அவ பொழச்சிக் கெடந்து வந்து புகாரு எழுதிக் குடுத்தாத்தான் போன் செத்தது ஒனக்கே தெரியும்.

அந்தப் பெட்டிக்குள்ளயும் ஒரு சிம் கார்டுதான் இருக்கப் போவுது. ரீசார்ஜ் போடறது யாரு? நீயா, என்ஜினீயரா, காண்ட்ராக்டரா? மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு நிப்பீங்க, வேலிடிட்டி முடிஞ்சிடும். கரண்டு போனா பேட்டரி எத்தினி மணி நேரம் நிக்கும்னு டெண்டருல எழுது. பெஞ்சல் புயல மறந்துட்டியா? 2024 நவம்பர் கடைசி. ஒரே நாள்ல எங்க மயிலத்துல 50 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சி. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்தத் தண்ணி தொட்டு ரயிலெல்லாம் நின்னுது. கரண்டும் இல்ல, டவரும் இல்ல. எங்கூருல அவனவன் செல்லத் தூக்கிப் புடிச்சிக்கினு மொட்ட மாடியில நின்னான். அன்னிக்கு வேல செய்யுமான்னு கேட்டுட்டு அப்பறம் ரிப்பன் வெட்டு.

இன்னொன்னு, மூலையில நடாத. கேட்டுக்கிட்ட மல்லாட்ட வறுத்து விக்கற அம்மா வண்டி நிக்குதே, அதும் பக்கத்துல நடு. இருட்டற வரிக்கும் அங்கதான் ஜனம் நிக்கும். அந்தம்மா கண்ணுல படாம பூங்காவுக்குள்ள ஒரு நாயி நொழையாது. அவங்கள ஆக்கிரமிப்புன்னு வெரட்டிட்டு, அந்த எடத்துல கேமரா வைக்கணும்னு நீயே மனு குடுப்ப, எனக்குத் தெரியும். அப்பிடியே உள்ளார செத்துக் கெடக்கற லைட்டையும் மாத்து. லைட்டு மாத்தினா பேப்பர்ல போட்டோ வராதுதான், என்னா பண்றது.

கடைசியா, தெனம் அந்தப் பொத்தான அமுக்கி, யாரு எடுக்கறா, எத்தினி நேரத்துல எடுக்கறான்னு ஒரு நோட்டுல எழுதி வைக்க ஒரு ஆளு வேணும். அந்த வேலைய எனக்குக் குடு. விடிய நாலு மணிக்கே முழிப்பு வந்துருது. மொத பஸ்ஸப் புடிச்சா வெளுக்கறதுக்குள்ள அங்க நிப்பன். எடுத்தான்னா சாப்ட்டியாப்பான்னு கேட்டுட்டு வச்சிருவன். எடுக்கலன்னா அடுத்த கால் ஒனக்குத்தான் வரும். சம்பளமெல்லாம் வாணாம், பஸ் சார்ஜும் ஒரு டீயும் போதும். ஒன் நம்பரச் சொல்லு. ஆபீசு நம்பரு இல்ல, தலமாட்டுல வச்சிக்கினு தூங்கறியே, அந்த நம்பரு.