மூளைக்குள்ளே யாரு?

ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அந்த நேரம் பூரா என் உயிர் எங்கே போயிருந்தது?
– மீனவர், லைட்ஹவுஸ் குப்பம்

எங்கேயும் போகவில்லை அண்ணே, நெஞ்சு துடித்துக்கொண்டுதான் இருந்தது. போனது நினைவு. மூளையும் முழுசாக அணையவில்லை. அதன் பகுதிகளுக்குள் நடக்கிற பேச்சுவார்த்தைதான் குலைந்துபோனது. சில மில்லி மருந்து 'நான்' என்கிற ஆளையே காணாமல் அடிக்கிறதென்றால், அந்த ஆளுக்கும் மூளைக்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போன அப்பா, விஞ்சில் சிக்கிக் கையை இழந்தார். இல்லாத கை அரிக்கிறது என்கிறார். பிதற்றலா?
– வாசகி, கூனங்குப்பம்

இல்லையம்மா, நிஜ அரிப்பு. கை போனாலும் மூளையில் கைக்கு ஒதுக்கிய இடம் காலியாவதில்லை. இதை ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கிய வி.எஸ். ராமச்சந்திரன், உங்கள் பக்கத்து ஜனங்கள் நோவென்றால் ஓடுகிற அதே சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். மூளையில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கன்னத்தைத் தொட்டால், சிலருக்கு இல்லாத விரலைத் தொட்டது போலத் தெரிவதை 1990களில் காட்டினார். அப்பாவின் கன்னத்தைச் சொறிந்து பாருங்கள், அடங்கினாலும் அடங்கும்.

பச்சை நண்டைக் கட்டிக் கூடையில் அடுக்குகிறோம். அதுக்கு வலிக்குமா? மூளையில்லாத ஜென்மம்தானே?
– நண்டு வியாபாரி, பழவேற்காடு

மூளை உண்டு. கண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நரம்பு முடிச்சு, வயிற்றுப் பக்கம் அதைவிடப் பெரிசாக இன்னொன்று. தொல்காப்பியர் நண்டைத் தும்பியோடு சேர்த்து நாலறிவுக் கணக்கில் வைத்தார். காதும் கொடுக்கவில்லை, மனசும் கொடுக்கவில்லை. பெல்ஃபாஸ்ட்டில் விஞ்ஞானி ராபர்ட் எல்வுட்டும் அவர் குழுவும் நண்டு ஒதுங்க இரண்டு இருட்டு மறைவுகள் வைத்து, ஒன்றில் மட்டும் ஷாக் கொடுத்தார்கள். வெறும் துள்ளல்தான் என்றால், துள்ளி முடித்ததும் பழைய இடத்துக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. சில தடவை வாங்கியதும் பெரும்பாலான நண்டுகள் அடுத்த வீடு பார்த்தன. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. 2022இல் பிரிட்டன் போட்ட சட்டம் நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

நண்டுக்குள் புகுந்து பார்க்கிற கருவி யாரிடமும் இல்லை. நான் நீதிபதியானால் சந்தேகத்தின் பலனை நண்டுக்குத்தான் கொடுப்பேன். கொடுக்கைக் கட்டுங்கள், தப்பில்லை. கட்டாவிட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும், செத்த நண்டுக்கு உங்களுக்கு விலையும் வராது. கொதிக்கிற தண்ணீரில் உயிரோடு போடுகிறார்களே, அவர்களிடம்தான் எனக்கு வழக்கு. முதலில் ஐஸில் வைத்து அசைவை நிறுத்தச் சொல்லுங்கள்.

பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை. மூளை எத்தனை?
– வாசகர், அரங்கம்குப்பம்

ஒன்றுதான். ஆனால் சுமார் 50 கோடி நரம்பு செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. கையே யோசிக்கிற ஜாதி. நம்மில் சிலருக்கு வாய் மட்டும் இப்படி, மூளையைக் கேட்காமலே வேலை செய்யும்.

உணர்வு மூளையிலிருந்துதான் பிறக்கிறது என்று நிரூபித்துவிட்டார்களா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
– பிளஸ் டூ மாணவி, ஜமீலாபாத்

இல்லை.

(மிச்சம் இனாம்.) 25 வருஷத்தில் மூளைக்குள் உணர்வின் தடயத்தைப் பிடித்துவிடுவோம் என்று 1998இல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் கோக், தத்துவக்காரர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களை நீட்டினார். மூளை கெட்டால் உணர்வும் கெடும் என்பதில் தகராறில்லை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான கொழகொழப்புக்கு இறால் குழம்பு மணப்பது எப்படி? அங்கேதான் எல்லோரும் முழிக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட கேள்விதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோட்டைக்குப்பம்

வெள்ளைக்காரன் உங்கள் ஊரில் கோட்டை கட்டியது 1613இல், ஐயா. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மணிமேகலையில் பூதவாதி அடித்துச் சொல்லிவிட்டான்: தாதகிப்பூவும் வெல்லமும் கூடினால் போதை பிறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரிப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் நம்பாத ஆள். மணிமேகலை விடவில்லை. உன்னைப் பெற்றவர்கள் இவர்கள்தான் என்று ஊகிக்காமல் வேறெப்படி அறிந்தாய் என்று மடக்கினாள். பூதவாதி வாய் திறந்ததாகச் சாத்தனார் எழுதவில்லை.